கடன்படாத நாற்காலி

கும்பகோணம் பேருந்து நிலையத்தைச் சுற்றி எந்நேரமும் நாலைந்து கண்ணீர் அஞ்சலிப் பலகைகள் நிற்கும். மேலே படம், இடப்பக்கம் தோற்றம், வலப்பக்கம் மறைவு, கீழே வருந்துவோர் வரிசை. இறந்தவரின் படத்தைவிட வருந்துகிறவரின் படம் பெரிதாக இருப்பதும் உண்டு. நான் வைக்க நினைக்கும் பலகைக்குப் படம் கிடையாது. இறந்தது ஆளல்ல, ஒரு வழக்கம். உலக அமைப்புகளின் பெரிய பதவிகள், வாய் திறந்து கேட்காதவரைத் தேடி வந்து சேர்ந்த வழக்கம். மறைவுத் தேதி என்னிடம் சுத்தமாக இருக்கிறது: 15-12-2015. தோற்றம்தான் தகராறு. தஞ்சாவூர் ஜில்லாக்காரன் என்ற உரிமையில் 1927 என்று போட்டுக்கொள்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன்னால் எங்கள் ஊர்ச் சங்கத்துக் கதை. தொண்ணூறுகளில் சித்தப்பா கூட்டுறவுக் கடன் சங்கத் தேர்தலில் நின்றார். சாதாரண நிர்வாகக் குழு உறுப்பினர் பதவிதான். பத்து நாள் தெருத் தெருவாகத் திண்ணை ஏறி இறங்கினார். பேசாமலிருந்த பங்காளிகளிடம் பேசினார். டீக்கடையில் ஊருக்கே கணக்கு வைத்தார். ஜெயித்தார். அந்த வருஷம் சம்பாவுக்கு மேலுரம் போடுகிற நேரத்தில் யூரியா தட்டுப்பாடு. ஒரே ஒரு லாரி வந்தது. ஓட்டுப் போட்டவர்களெல்லாம் விடியற்காலையிலேயே எங்கள் வாசலில் நின்றார்கள், சங்கத்து வாசலில் அல்ல. சங்கத்து வரிசையில் முந்தி வந்து நின்றவர்கள் அங்கேயே நின்றார்கள். மூட்டை மட்டும் பின்கதவு வழியாகப் போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாயி சொன்னது இது: “ஓட்டா வாங்குன? கடன்ல வாங்கியிருக்க. யூரியாவாக் கட்டு.”

நியூயார்க்கிலும் ரோமிலும் ஜெனீவாவிலும் உலக அமைப்புகளில் நடப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த லாரிதான் நினைவுக்கு வருகிறது.

இனி 1927. வலங்கைமான் என்றதும் டெல்டாக்காரர்களுக்கு முதலில் நினைவு வருவது பாடைக் காவடி. பங்குனியில் மகாமாரியம்மன் கோயிலில், நோயிலிருந்து பிழைத்தவர்கள் நேர்த்திக்கடனாகப் பாடையில் படுத்து, பிணம்போலக் கட்டப்பட்டுத் தூக்கிச் செல்லப்படுவார்கள். கோயிலைச் சுற்றி வந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த ஊரில்தான் 1869இல் ஓர் ஏழைப் புரோகிதர் வீட்டில் வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி பிறந்தார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்தார், திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியரானார், 1904இல் அங்கே கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவரானார். (சங்கம் என்றால் யூரியா மட்டும் இல்லை, சித்தப்பா.) 1921இல் ஜெனீவாவில், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் பேரவையில் இந்தியாவுக்காக உட்கார்ந்தார். அதையடுத்து வாஷிங்டன் கடற்படை மாநாட்டிலும். அவையெல்லாம் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய பயணங்கள். யார் செலவில் போனார், யாருக்காகப் பேசினார் என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. அது நியாயமான கேள்வி. தமிழ்க் கலைச்சொல் குழுவில் அவர் வடமொழிக்குக் கொடுத்த இடத்தைப் பற்றி எனக்கும் அவர்மேல் மனத்தாங்கல் உண்டு. அது வேறு வழக்கு.

1927இல் நடந்ததுதான் எனக்கு வேண்டியது. தென்னாப்பிரிக்காவோடு கேப் டவுன் ஒப்பந்தம் ஏற்பட்டு, அங்கே இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் வேண்டும் என்று முடிவானது. இந்திய அரசு சார்பில் ஒருவர் வெளிநாட்டில் நிலையாக உட்கார்ந்து அந்த நாட்டு அரசோடு பேசும் வேலை. அதற்கு சாஸ்திரிதான் வேண்டும் என்று பகிரங்கமாக எழுதியவர் காந்தி. சாஸ்திரி மிதவாதி, ஒத்துழையாமையை நேருக்கு நேர் எதிர்த்தவர், அரசியலில் காந்தியின் எதிர்த்தரப்பு. எதிர்த்தரப்பு ஆள் எழுந்து ‘இவரை விட்டால் ஆளில்லை’ என்று சொல்கிறார். வேட்பாளரோ உடம்பு சரியில்லை என்று தயங்குகிறார். பிடித்துத் தள்ளிக் கப்பல் ஏற்றினார்கள். ஒன்றரை வருஷம் இருந்தார். டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்கு ஓர் உயர்நிலைப் பள்ளி வரப் பாடுபட்டார். சாஸ்திரி கல்லூரி என்றே அதற்குப் பெயர். 1928இல் அரசு கொடுத்த ‘சர்’ பட்டத்தை வேண்டாமென்றார்.

இதில் ஆதரவு திரட்டல் இல்லையா? இருந்தது, முழு மூச்சாக. ஆனால் திரட்டியவர் வேறு, உட்கார்ந்தவர் வேறு. அதனால் உட்கார்ந்தவர் தலையில் கடன் ஏறவில்லை. காந்தி ஒருநாளும் சாஸ்திரி வீட்டு வாசலில் வந்து மூட்டை கேட்கப்போவதில்லை. இந்த ஏற்பாட்டைத்தான் நான் தோற்றம் என்கிறேன்.

இதே ஏற்பாடு 1953இல் ஐ.நா.வில் உச்சத்துக்குப் போனது. முதல் பொதுச் செயலாளர் டிரிக்வே லீ விலகப்போகிறேன் என்று சொல்லி மாதங்கள் ஓடிவிட்டன. வல்லரசுகளுக்குள் ஒத்துப் போகவில்லை. கனடாவின் லெஸ்டர் பியர்சனை சோவியத் ஒன்றியம் வீட்டோ செய்தது. சோவியத் தரப்பு விஜயலட்சுமி பண்டிட்டின் பெயரை வைத்தபோது பதினொரு பேர் கொண்ட பாதுகாப்பு கவுன்சிலில் ஆதரவு 2, எதிர்ப்பு 1, மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். கடைசியில் மார்ச் 31ஆம் தேதி யாரும் பேசிக்கொண்டிராத ஒரு சுவீடன்காரரின் பெயரை எடுத்தார்கள். ஸ்டாக்ஹோமில் நள்ளிரவு தாண்டி ஏப்ரல் 1 ஆகிவிட்டது. செய்தியாளர்கள் தொலைபேசியில் சொன்னபோது டாக் ஹாமர்ஷெல்ட் அதை முட்டாள்கள் தின வேடிக்கை என்று நினைத்தார்.

ஒரு கிராம முன்சீப் வேலைக்குக்கூட எங்கள் ஊரில் இப்படி நடந்ததில்லை. ஆனால் இதன் பலனைப் பாருங்கள். 1956இல் சூயஸ் விவகாரத்தில் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் எதிரே நின்றார். காங்கோவில் சோவியத் ஒன்றியத்தின் கோபத்தைச் சம்பாதித்தார். குருஷ்சேவ் நேரிலேயே பதவி விலகச் சொன்னபோதும் நாற்காலியை விடவில்லை. ஐ.நா. சாசனத்தின் 100ஆவது பிரிவு, அதன் ஊழியர்கள் எந்த அரசிடமும் கட்டளை கேட்கக் கூடாது என்கிறது. எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிரிவுதான். அதை நிஜமாகக் கடைப்பிடிக்க, யாரிடமும் வாங்கித் தின்னாத வயிறு வேண்டும். ஹாமர்ஷெல்டுக்கு அது இருந்தது.

அவர் 1961இல் விமான விபத்தில் இறந்த பிறகு பர்மாவின் ஊ தாண்ட் வந்தார். அவருக்கு அடுத்த அறையில், தலைமை அலுவலக நிர்வாகியாகப் பத்தாண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்தவர் ஸ்ரீரங்கத்தில் பிறந்த சி.வி. நரசிம்மன். ஐ.சி.எஸ். அதிகாரி, மகாபாரதத்தை ஆங்கிலத்தில் சுருக்கியவர், சங்கீதப் பித்தர். 1966 அக்டோபர் 23ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபை மண்டபத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியதன் பின்னால் அவர் இருந்தார். அந்தக் கச்சேரி நடந்த வேளையில் ஊ தாண்ட் இரண்டாம் முறை வேண்டாம், போகிறேன் என்று அறிவித்துவிட்டிருந்தார். நாடுகள் ஒவ்வொன்றாக வந்து இருங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தன. டிசம்பரில்தான் இணங்கினார். பதவியை விட்டுப் போகிறவரைப் பிடித்து உட்காரவைக்கக் கச்சேரிக்காலம் முழுக்கக் கெஞ்சியிருக்கிறார்கள்! இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

நரசிம்மனைப் போலவே நம் பக்கத்து இன்னொருவர், பட்டுக்கோட்டை அருகே ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன். குடியரசுத் தலைவராக அவரை எல்லோருக்கும் தெரியும். தஞ்சாவூர் எம்.பி.யாக இருந்த 1955இல் ஐ.நா. நிர்வாகத் தீர்ப்பாயத்தின் உறுப்பினரானதும், சென்னையில் காமராஜர் அமைச்சரவையில் தொழிற்பேட்டைகள் கட்டிக்கொண்டிருந்தபோதும் அதில் தொடர்ந்ததும், 1968 முதல் 1979 வரை அதற்குத் தலைமை வகித்ததும் பலருக்குத் தெரியாது. ஐ.நா. ஊழியர் ஒருவர் பொதுச் செயலாளர் மேலேயே வழக்குப் போட்டால் கேட்கிற இடம் அது. யாரிடமும் கடன்படாதவர் வேண்டும் என்று சொல்லத்தக்க வேலை ஒன்று உண்டென்றால் இதுதான். அந்தத் தீர்ப்பாயமே 2009 முடிவோடு கலைக்கப்பட்டுவிட்டது.

இழவு வீட்டில் இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்லியே ஆக வேண்டும். தேடி வந்த பதவி என்கிறோமே, அது எந்தத் தெருவுக்குத் தேடி வந்தது? சாஸ்திரி, நரசிம்மன், வெங்கட்ராமன் மூவரும் ஒரே சாதி, ஒரே வகைப் படிப்பு. எங்கள் அப்பாயி வீட்டுத் தெருவுக்கு அந்தப் பதவி வழி விசாரித்ததே இல்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு குடவோலையைச் சொல்கிறது: தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, விவரமறியாச் சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது. ஓட்டுக் கேட்கவே வழியில்லாத முறை. முந்தைய மூன்றாண்டில் பதவி வகித்தவர் பெயர் குடத்தில் விழாது. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர் பெயரும் விழாது. படிக்கப் படிக்க மெய்சிலிர்க்கும். ஆனால் கால் வேலிக்கு மேல் சொந்த நிலமும் வேதப் படிப்பும் இல்லாதவன் பெயர் ஓலையையே எட்டாது. குடம் சுத்தம், ஓலைதான் முன்கூட்டியே பொறுக்கியது. பாதுகாப்பு கவுன்சிலின் பழைய அறையும் அப்படித்தான் இருந்தது.

எல்லாமே தேடி வந்தவை என்றும் சொல்ல முடியாது. ரோமிலுள்ள உணவு வேளாண்மை நிறுவனத்துக்கு 1956இல் தலைமை இயக்குநராக வந்த பி.ஆர். சென் இந்திய அரசு நிறுத்திய வேட்பாளர். வங்கப் பஞ்சக் காலத்தில் நிவாரணப் பொறுப்பில் இருந்தவர். வளரும் நாடுகளிலிருந்து அந்த நாற்காலிக்குப் போன முதல் ஆள். பசி ஒழிப்பு இயக்கத்தை 1960இல் அவர்தான் தொடங்கினார். அந்த நாற்காலிக்கும் எங்கள் வயலுக்கும் நேர்க்கோடு உண்டு. அந்த நிறுவனத்தின் துணையோடு ஐம்பதுகளில் கட்டாக்கில் நம் நெல்லையும் ஜப்பான் நெல்லையும் கலந்தார்கள். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனும் அங்கே கொஞ்ச காலம் வேலை பார்த்தார். அந்தக் கலப்பிலிருந்து ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுத்ததுதான் ஏ.டி.டி. 27. அறுபதுகளில் தஞ்சாவூர்க் குறுவையை மாற்றிப்போட்ட நெல். சுவாமிநாதனே 1982இல் பிலிப்பைன்ஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமை இயக்குநரானார், அந்த இடத்துக்கு வந்த முதல் ஆசியர். இங்கேயிருந்து போனதற்காக அவரைக் கடிந்துகொண்டவர்களும் இருந்தார்கள். அது நாடுகள் ஓட்டுப் போடும் பதவி அல்ல, அறங்காவலர் குழு ஆள் தேடி நியமிப்பது. ஓட்டில்லாத இடங்களில் நம் வழக்கம் இன்னும் கொஞ்சநாள் உயிரோடிருந்தது.

ஓட்டுள்ள இடத்தில் அதற்கு மூச்சு முட்டியது 2006இல். அந்த ஜூனில் இந்தியா சசி தரூரை ஐ.நா. பொதுச் செயலாளர் பதவிக்கு நிறுத்தியது. ஏறக்குறைய முப்பதாண்டு அந்த அமைப்புக்குள்ளேயே வளர்ந்தவர். இலங்கை அதற்கு முன்பே ஜயந்த தனபாலவை நிறுத்தியிருந்தது. ஆயுதக் குறைப்பில் பெயரெடுத்தவர். தென் கொரியா தன் வெளியுறவு அமைச்சர் பான் கி மூனை நிறுத்தியது. அமைச்சர் என்பதால் பான் எந்தத் தலைநகருக்கும் அரசுப் பயணமாகவே போகலாம், போனார். அந்தச் சமயத்தில் கொரியா அறிவித்த உதவித் தொகைகளையும் அவருடைய வேட்புமனுவையும் முடிச்சுப் போட்டு லண்டன் பத்திரிகைகள் எழுதின. கொரியா மறுத்தது.

பாதுகாப்பு கவுன்சிலில் மாதிரி வாக்கெடுப்பு என்று ஒன்று நடக்கும். ‘ஊக்குவிக்கிறேன்’, ‘ஊக்குவிக்கவில்லை’, ‘கருத்தில்லை’ என்று மூன்று கட்டம். நம் ஊர்ப் பெண் பார்க்கிற நாகரிகம்தான். யாரும் நேராக வேண்டாம் என்று சொல்வதில்லை. ஜூலை 24ஆம் தேதி பானுக்கு 12 ஊக்கம், 1 எதிர்ப்பு. தரூருக்கு 10, 2. தனபாலவுக்கு 5, 6. அக்டோபர் 2ஆம் தேதி நடந்ததில் நிரந்தர உறுப்பினர்களின் சீட்டுக்குத் தனி நிறம் கொடுத்தார்கள். பானுக்கு 14 ஊக்கம், எதிர்ப்பே இல்லை. தரூருக்கு மறுபடி 10 ஊக்கம், 3 எதிர்ப்பு. அந்த மூன்றில் ஒன்று தனி நிறம். அன்றைக்கே விலகினார். தனபால அதற்குச் சில நாள் முன்பே விலகிவிட்டிருந்தார். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரும் ஒரே திண்ணையில் ஓட்டுக் கேட்டால் என்னாகும் என்று தஞ்சாவூரில் எந்த வார்டு உறுப்பினரையும் கேட்டிருக்கலாம்.

இந்தத் தோல்விக்கு நான் அழவில்லை. ஜெயித்திருந்தாலும் நான் சொல்லும் வழக்கம் செத்திருக்கும். பதவி இனிமேல் தேடி வராது, நாமே போய்த் தேட வேண்டும், அதற்குத் தூதரகங்கள், விமானங்கள், விருந்துகள், வாக்குக்கு வாக்கு மாற்றிக்கொள்ளும் உடன்பாடுகள் வேண்டும் என்று அன்று எல்லோருக்கும் புரிந்துபோயிற்று. ‘அந்த அமைப்பின் தேர்தலில் நீ என் ஆளுக்குப் போடு, இந்த அமைப்பின் தேர்தலில் நான் உன் ஆளுக்குப் போடுகிறேன்’ என்று இரண்டு நாடுகள் கடிதமெழுதி ஒப்புக்கொள்வது இன்று ஒளிவுமறைவில்லாத நடைமுறை. ஓட்டைக் கைமாற்றாகக் கொடுத்து வாங்குவதற்கு அரசு முத்திரை.

மூச்சு நின்றது 2006இல். இறப்புச் சான்றிதழ் கையெழுத்தானது 2015இல். பொதுச்சபையின் தலைவரும் பாதுகாப்பு கவுன்சிலின் தலைவரும் சேர்ந்து டிசம்பர் 15ஆம் தேதி எல்லா நாடுகளுக்கும் கடிதம் எழுதி, வேட்பாளர் பெயர்களைத் தாருங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டார்கள். அடுத்த ஏப்ரலில் வேட்பாளர்கள் ஒவ்வொருவராக வந்து உலகம் பார்க்கப் பதில் சொன்னார்கள். மொத்தம் 13 பேர் நின்றதில் 7 பேர் பெண்கள். மூடிய அறைக் காலத்தில் இது கனவிலும் நடந்திருக்காது. நல்ல மாற்றம்தான், மறுக்கவில்லை. கேட்காதவன் பெயர் இனி மேசைக்கே வராது என்பதும் அதே கடிதத்தில் அடக்கம். கடைசி முடிவு மட்டும் பழைய மூடிய அறையிலேயே, பழைய மூன்று கட்டச் சீட்டிலேயே நடந்தது; அந்தோனியோ குட்டெரெஸ் வந்தார். எதை மாற்ற வேண்டுமோ அதை வைத்துக்கொண்டு, எதை வைத்துக்கொள்ள வேண்டுமோ அதை மாற்றியிருக்கிறார்கள் என்பது என் கட்சி.

புது முறையில் நமக்கும் வெற்றி கிடைத்தது. 2017இல் சர்வதேச நீதிமன்றத்தின் ஒரே ஓர் இடத்துக்கு நீதிபதி தல்வீர் பண்டாரிக்கும் பிரிட்டனின் நீதிபதிக்கும் போட்டி. பொதுச்சபை நம் பக்கம், பாதுகாப்பு கவுன்சில் அவர்கள் பக்கம். சுற்றுச் சுற்றாக இழுத்தது. நம் தூதர்கள் சின்னச் சின்ன நாடுகளையெல்லாம் தேடிப் போய்க் கேட்டார்கள். நவம்பர் 20ஆம் தேதி பிரிட்டன் விலகிக்கொண்டது. 1946இல் தொடங்கிய அந்த நீதிமன்றத்தில் முதல்முறையாக பிரிட்டிஷ் நீதிபதி இல்லாமல் போனது. நானும் கைதட்டினேன். தட்டி முடித்த கையோடு, பொதுச்சபையில் நமக்கு ஓட்டுப் போட்ட 183 நாடுகளுக்கு இனி எத்தனை மூட்டை யூரியா என்று ஒரு நினைப்பு வந்தது. பழக்கதோஷம்.

2019இல் ரோமில் சென் உட்கார்ந்திருந்த அதே நாற்காலிக்குத் தேர்தல். இந்தியா வேளாண் பொருளாதார அறிஞர் ரமேஷ் சந்தை நிறுத்திவிட்டுப் பிறகு விலக்கிக்கொண்டது. கேமரூனும் ஒருவரை நிறுத்தியிருந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் சீனா கேமரூனுக்கு ஏழு கோடி டாலருக்கு மேற்பட்ட கடனைத் தள்ளுபடி செய்தது. பின்னால் கேமரூன் வேட்பாளர் விலகினார். இரண்டையும் இணைத்துப் பத்திரிகைகள் எழுதின. கடன் தள்ளுபடியும் உண்மை, விலகியதும் உண்மை, நடுவில் என்ன பேசினார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம். சீன வேட்பாளர் சூ தொங்யூ பதிவான 191 வாக்குகளில் 108 பெற்று முதல் சுற்றிலேயே ஜெயித்தார். பசிக்காகத் தொடங்கிய நிறுவனத்தில், அரிசி விளைகிற நாடுகளும் அரிசிக்குக் கையேந்துகிற நாடுகளும் சேர்ந்து போட்ட ஓட்டு. அப்பாயி சொன்ன கடன், அதன் சொந்தப் பெயரிலேயே மேடையேறிவிட்டது.

சென் 1967இல் அந்த நாற்காலியை விட்டு எழுந்தார். அதற்குப் பிறகு அதில் இந்தியர் யாரும் உட்காரவில்லை.

பலகையில் வருந்துவோர் வரிசைக்கு ஆள் சேர்க்க முயன்று பார்த்தேன். சித்தப்பா ஒப்புக்கொள்ளவில்லை. “கேக்காம எவன்டா குடுப்பான்?” என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அவருக்கு எதுவும் கேட்காமல் கிடைத்ததில்லை. ஆகவே என் பெயர் மட்டும் இருக்கட்டும். படத்துக்கு விட்ட இடத்தில் வலங்கைமான் சாஸ்திரியின் படத்தைப் போடலாமா என்று யோசித்து, அவருடைய தேதியைத் தேடி எடுத்தேன். மறைவு: 17-4-1946. அவர் இந்தியாவுக்காக உட்கார்ந்திருந்த சர்வதேச சங்கத்தின் கடைசிப் பேரவை அந்த வாரம் ஜெனீவாவில் கூடியிருந்தது. அவர் இறந்த மறுநாள், ஏப்ரல் 18ஆம் தேதி, சங்கத்தைக் கலைத்துவிடத் தீர்மானித்துவிட்டு எல்லோரும் கலைந்து போனார்கள்.